துவைப்பதற்கு முன்

வெர்லினின் காற்சட்டைப் பைகளை
நான்தான் காலி செய்வேன்.
சூரியகாந்தி விதைத் தொலி, மேட்டு மண்,
பிசின் பொடி ஏறிய கைக்குட்டை,
அப்புறம் அந்தக் கிளிக்கர்.
பந்துக்கு ஓர் அழுத்து.
முதலில் இறங்கும் பிட்ச்சர் வீச வீச
பைக்குள்ளேயே கட்டைவிரல் எண்ணும்.

ஆட்டம் எப்படிப் போனது என்று
நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.
தொண்ணூறு காட்டினால் நல்ல இரவு,
இருப்பதைச் சூடாக்கினால் போதும்.
நாற்பது என்றால்
மூன்றாம் இன்னிங்ஸிலேயே ஆளை மாற்றியிருக்கிறார்கள்.
அன்றைக்குத் தட்டைக்கூட சத்தமில்லாமல் வைக்க வேண்டும்.

இருபத்தொன்பது வருடம், ஒன்பது கல்லூரிகள்.
அயோவாவில் சம்பளமே கிடையாது,
கோடை முழுக்கத் தானியக் கிடங்குகளுக்குப் பெயின்ட் அடித்தார்.
கென்டக்கி வாடகை வீட்டில்
மழை பெய்தால் நிலவறைக்குத் தவளை வரும்.
ஒப்பந்தம் எப்போதும் ஒரு வருடத்துக்குத்தான்.
தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டால்
கூட இருந்தவர்களும் கிளம்ப வேண்டியதுதான்;
எஞ்சின் கழன்ற பிறகு பெட்டிகளுக்கு அங்கே என்ன வேலை?
பாத்திரங்கள் இருந்த ஓர் அட்டைப்பெட்டியை
மூன்று ஊர்களில் பிரிக்காமலே ஏற்றி இறக்கினோம்.
ஷெல்பி ஐந்தாம் வகுப்பை
இரண்டு மாநிலங்களில் படித்தாள்.

அவள்தான் ஒருமுறை கேட்டாள்,
ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேட்டுக்கு நடந்து போகிறீர்களே,
அங்கே என்னதான் சொல்வீர்கள் அப்பா?
"ராத்திரி என்ன சாப்பிடலாம் என்று கேட்பேன்.
பீட்சா என்று சொன்னால் பையனிடம் மூச்சு இருக்கிறது.
பேசாமல் பந்தைத் தேய்த்தால்
தீர்ந்துவிட்டது."

தொண்ணூற்றாறு, மே மாதம், ஆர்கன்சா.
ஜெயித்தால் மண்டலத் தொடர்.
தோற்றால் எங்கள் எல்லோருக்கும் மூட்டை முடிச்சு.
மேட்டில் டக்கர் லிண்ட்ஹோம்,
பல் மருத்துவரின் மகன்,
வீசி முடித்ததும் தொப்பி எப்போதும் கீழே விழும்.

ஜெயித்தார்கள்.
வெர்லின் குளிக்காமலே படுத்துவிட்டார்.
கிளிக்கர் நூற்று நாற்பத்தொன்று காட்டியது.
மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில்
நூற்றுப் பதினெட்டு என்று போட்டிருந்தது,
பயிற்சியாளர் வெர்லின் ஸ்ட்ரவுட் தெரிவித்தபடி.

சலவை இயந்திரத்தின் மூடி திறந்திருந்தது,
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
பக்கத்துக் குமிழைத் திருகினேன்.
நான்கு பூஜ்யம்.
திருகியது என் விரல், அவருடையது அல்ல.

அந்த வருடம் முதல்முறையாக
இரண்டு வருட ஒப்பந்தம் வந்தது.
புது ஃபிரிட்ஜ் வாங்கினோம், ஐஸ் கொட்டும் வகை.
ஆகஸ்டில் டக்கரின் முழங்கையைத் திறந்து
மணிக்கட்டிலிருந்து எடுத்த தசைநாரைக் கோத்துத் தைத்தார்கள்.
அவன் அம்மா நன்றி அட்டை அனுப்பினாள்,
வெர்லின் ஐந்து முறை
ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததற்காக.
அதை ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
எடுத்தேன்.
மறுபடி ஒட்டினேன்.

இப்போது வேலை இல்லை.
புதிதாக வந்தவருக்கு முப்பத்திரண்டு வயது,
பந்தின் சுழற்சியைக் கணினியில் பார்க்கிறவர்.
நல்ல மனிதர்தான், கேக் வெட்டித்தான் அனுப்பினார்.
வெர்லின் காலையில் தபால் பெட்டி வரை போகிறார்,
குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்கிறார்,
டக்கர் எந்த ஊரில் இருக்கிறான் என்று
ஷெல்பியிடம் போனில் தேடச் சொல்கிறார்,
தேடித் தந்தால் அழைப்பதில்லை.

நேற்று துவைக்க எடுத்த காற்சட்டையில்
கிளிக்கர் இருந்தது.
இருபத்து மூன்று.
தெருவில் போன கார்களாக இருக்கலாம்.
கழித்தல் எனக்கும் தெரியும்.

குமிழைத் தொடவில்லை.
சாப்பாட்டு மேசையில்
உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்,
எண் அவருக்குத் தெரிகிற மாதிரி.
வந்தார். பார்த்தார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
வெகுநேரம் கழித்து,
ராத்திரி என்ன சாப்பிடலாம் என்று
என்னைக் கேட்டார்.